மேனுவலோடு போன கதை

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் கொடுத்த பெட்டிகள் எல்லாம் ஏலத்தில் போய்விட்டன. பழைய கார் கிளப்பின் செயலாளர் இன்று காலை போனில் உறுதி செய்தார். பேட்ஜ்கள், சாவி வளையங்கள், ஷோரூம் விளம்பரத் தாள்கள் எல்லாம் சத்தமில்லாமல் போயின. நீல அட்டை போட்ட ரிப்பேர் மேனுவலுக்குத்தான் போட்டி. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஒரு பெண்மணி எடுத்தார். அத்தான் கேட்டபடியே பணம் கிளப் நடத்தும் மெக்கானிக் வகுப்புக்குப் போகிறது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரிந்திருக்கும். பொருளைக் கொண்டுவருபவர் மேஜைப் பக்கத்தில் நின்று அதன் கதையைச் சொல்ல வேண்டும். கதை நன்றாக இருந்தால் விலை ஏறும். அத்தான் வருஷா வருஷம் சொல்வாரே, மலைப்பாதையில் மழையில் வண்டி நின்ற கதை, அதைச் சொன்னேன். கைதட்டினார்கள்.

அத்தானின் வலது கை எப்படி இருக்கிறது? அவரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. போன தடவை பார்த்தபோதே இளைத்திருந்தாய்.

அன்புத் தம்பி


மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

கிளப் இதழ் நேற்றுத் தபாலில் வந்தது. அத்தான் இன்னும் அங்கே உறுப்பினர் என்பதை மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

நாலாம் பக்கத்தில் உன் படம். மேனுவலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்கிறாய். கீழே போட்டிருப்பதை அப்படியே எழுதுகிறேன்: "கொட்டும் மழையில் நடுவழியில் நின்ற காரை, இந்த மேனுவலின் துணையோடு, நகம் தேய்க்கும் அரத்தால் எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பாயிண்டைச் சுத்தம் செய்து கிளப்பிய மூத்த நிருபர்."

நீ எப்போதடா கார் ஓட்டினாய்? சைக்கிளையே தள்ளிக்கொண்டு போகிறவன்.

கண் மங்கலாக இருப்பதால் அத்தானுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். "அவன் காய்ச்சலோட பின் சீட்டுல போர்வைய இழுத்துப் போத்திட்டுத் தூங்கினானே?" என்றார். அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நோயில் கிடக்கிற மனிதர். ஏன் இப்படிச் செய்தாய்?

அன்புடன்,
அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இதழில் எழுதியவர் மேல் தப்பில்லை. நான் அப்படித்தான் சொன்னேன்.

"எங்க அத்தான்" என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு "வண்டிய ஓரம் கட்டினோம்" என்றேன். அதுவரை பொய் இல்லை. முன்வரிசையில் ஒருவர், "அப்புறம் என்ன சார் பண்ணீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "பாயிண்டைத் தேய்ச்சேன்" என்று வாயில் வந்துவிட்டது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊரார் செய்ததையெல்லாம் ஊருக்குச் சொல்லியே என் காலம் போனது. கைதட்டு ஒருமுறை என் பக்கம் திரும்பியதும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். இப்போது கண்ணாடி பார்த்துச் சவரம் செய்யவே கூச்சமாக இருக்கிறது.

அடுத்த இதழில் திருத்தம் போட வேண்டும். எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்: அன்று வண்டியைக் கிளப்பியவர் என் அத்தான், நான் அல்ல. அத்தானிடம் வாசித்துக் காட்டு. அவர் சரி என்றால் கொடுத்துவிடுகிறேன்.

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

வாசித்தேன். அத்தான் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, "அனுப்ப வேணாம்னு சொல்லு. அதுவும் பொய்தானே?" என்றார்.

நானும் இனி மூடி மறைப்பதாக இல்லை. அன்று வண்டியைக் கிளப்பியது நான். மேனுவலை மடியில் வைத்துப் படம் பார்த்து மூடியைக் கழற்றினேன். உள்ளே பாயிண்ட் கரி பிடித்துக் கிடந்தது. அரம் என் கைப்பையில் இருந்தது. ஆண்பிள்ளையின் சட்டைப்பையில் நகம் தேய்க்கிற அரம் எப்படி வந்தது என்று நிருபர் நீயாவது ஒரு தடவை கேட்டிருக்க வேண்டாமா?

கிளப்பில் முதல் வருஷம் அவர் அதைத் தன் கதையாகச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சபையில் அவரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். வருஷா வருஷம் சிரித்தேன். இப்போது நீயும் எடுத்துக்கொண்டாய். இன்னும் யாராவது பாக்கி இருக்கிறார்களா?

"திருத்தம்னா ஒழுங்கா போடச் சொல்லு" என்றார் அத்தான். என் முகத்தைப் பார்க்காமல் இன்னொன்றும் சொன்னார்: "குடை பிடிச்சது நான்தான். அதையாவது போடச் சொல்லு."

அது உண்மை. பிடித்தார்.

அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

திருத்தம் அச்சுக்குப் போய்விட்டது. இதழாசிரியர் இன்று மதியம் புரூஃபைக் காட்டினார், நானே வாசித்தேன்: "அன்று வண்டியைக் கிளப்பியவர் என் அக்கா. அரம் அவருடையது. அத்தான் குடை பிடித்தார். நான் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். இதை என் கதையாகச் சொன்னதற்கு வெட்கப்படுகிறேன்." ஆசிரியர், "தூங்கின விஷயம் எதுக்கு சார்?" என்றார். அந்த வரி இல்லாவிட்டால் மற்றதும் வேண்டாம் என்றேன்.

மேனுவலை எடுத்த பெண்மணியிடமும் போனேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, முதல் பக்கத்தைத் திறந்து காட்டினார். ஏலத்தன்று அவர் கேட்டு நான் போட்டுக்கொடுத்த கையெழுத்து, அடியில் கோடு இழுத்து. உன்னிடம் இதை எழுதாமல் விடலாம் என்றுகூட நினைத்தேன். அவர் அதைக் குறுக்கே அடித்துவிட்டு, "கீழே இடம் இருக்கு. அவங்ககிட்ட வாங்கிட்டு வாங்க" என்றார்.

மேனுவல் என் பையில் இருக்கிறது. ஞாயிறு காலை வருகிறேன். இதழ் ஒன்றாம் தேதி உங்கள் கைக்கு வரும். நீ கையெழுத்துப் போடுவாயா என்பது எனக்குத் தெரியாது. போன கடிதத்தில் "அன்புள்ள" இல்லை, "அன்புடன்" இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்பதும் ஞாயிற்றுக்கிழமை நீ கதவைத் திறக்கும்போதுதான் தெரியும்.

பின் சீட்டுத் தம்பி