கடைசிப் பாட்டுக்குப் பிறகு உன் குரல்

என்னை எழுப்பி எழுப்பியே களைத்துப்போன என் தாஸ் மச்சானுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். இப்போது எந்த ரூட்டில் ஓட்டுகிறாய் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. அங்கேயும் காலை ஷிப்ட் உண்டா? பின் சீட்டில் என்னை மாதிரி ஒருத்தன் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறானா?

இங்கே பெரிய செய்தி, உன் மருமகள் ஜெனி வேலைக்குப் போகிறாள். ஒரகடத்தில் என் கம்பெனியிலேயே, நீ ஓட்டின அதே பஸ்ஸில். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். அப்பாவின் குறட்டையை ஊரே கேட்கிறது என்று அவளுக்கு மானம் போகிறது.

பஸ்ஸில் இப்போது பாட்டு இல்லை மச்சான். வண்டி ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்று புது டிரைவர் தினேஷுக்குக் கண்டிப்பு. பிளேயரோ கிழவன், சிடியைத் தவிர வேறு எதையும் வாயில் போட மாட்டான். நாம் கடைசியாக ரைட் பண்ணின சிடி கீறல் விழுந்து திக்க ஆரம்பித்ததும், தினேஷ் அதை முன் கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டான். செம்பரம்பாக்கம் ஏரி தாண்டி வெயில் உள்ளே வரும்போது அது மெல்லச் சுற்றும். ஒரு வானவில் துண்டு ஒவ்வொரு முகமாகத் தடவிக்கொண்டு போகுமாம், ஜெனி சொல்கிறாள். யாரும் கண் திறப்பதில்லை. தூங்குகிறவர்களை எண்ணிப் பார்க்க நீதான் வருகிறாயோ என்று எனக்கு ஒரு நினைப்பு.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நம் முதல் சிடி? பத்தாவதைத் தட்டுத்தடுமாறித் தாண்டின நான், கம்ப்யூட்டர் வாங்கிவிட்டதால் இன்ஜினியர் ஆகிவிட்டேன். பாட்டையெல்லாம் ஃபைலாகவே காப்பி பண்ணிக் கொடுத்தேன். உன் பிளேயர் அதை நக்கிப் பார்த்துவிட்டு வெளியே துப்பியது. பஸ் முழுக்கச் சிரித்தது. ஆடியோ சிடி என்று தனியாக ஒன்று இருப்பதை அப்புறம்தான் கண்டுபிடித்தேன்.

பாட்டு வரிசையை நீதான் சொல்வாய். ஏரிக்கரைக்குப் புல்லாங்குழல். ஸ்ரீபெரும்புதூரில் ஆள் ஏறும்போது கொஞ்சம் தாளம். ஒரகடம் ரோட்டில் திரும்பியதும் தாலாட்டு மாதிரி ஒன்று. பஸ் சீக்கிரம் வந்துவிட்டால், பாட்டு முடிவதற்காக வண்டியை உருட்டிக்கொண்டே போவாய்.

ஒருநாள் நான் இறங்காமல் தூங்கி, பஸ் நிற்கிற ஷெட்டுக்கே போய்ச் சேர்ந்தேனே, அதற்குப் பிறகுதானே அந்த யோசனை வந்தது? கடைசிப் பாட்டுக்குப் பிறகு, எங்களை எழுப்ப உன் குரல். சட்டை பட்டனெல்லாம் போட்டுக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பதுபோல் மைக் முன்னால் நின்றாய்.

அந்தக் குரல் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. ஆனால் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து உன் தங்கை ஸ்டெல்லா கம்ப்யூட்டர்மேல் துணி போட்டு மூடிவிட்டாள். உன் குரலைக் கேட்டால் தாங்குவாளா? நானும் துணியை எடுக்கச் சொல்லவில்லை. ஜெனிதான் விடாமல் நச்சரித்தாள், மாமா சிடியில் ஒருநாளாவது போகவேண்டும் என்று.

போன வாரம் வெறும் சிடிக்காகக் கடை கடையாய் ஏறினேன். ஒரு கடைக்காரன், "அது இன்னா அங்கிள், ரேஷன்ல குடுக்கறதா?" என்றான். கடைசியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஒன்றே ஒன்று கிடைத்தது. கெட்டுப்போனால் வேறு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும், ஸ்டெல்லாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் கறிக்கு மசாலா எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணன் கொரலு பொட்டிக்குள்ள கெடந்து இன்னா பண்ணப் போவுது? போடுய்யா. என்னை மட்டும் கேக்கச் சொல்லாத" என்றாள்.

துணியை அவளே எடுத்தாள். ரைட் ஆகும்போது மிக்ஸி போட்டால் கரண்ட் ஆடும் என்று நீ காவல் நிற்பாயே, அந்த இடத்தில் அவள் நின்றாள், மிக்ஸி வயரைக் கையில் சுற்றிக்கொண்டு. சிடி வெளியே வந்ததும் வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். இளஞ்சூடாக இருக்கும் அல்லவா? ஆறின பிறகுதான் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் தினேஷிடம் கொடுத்தேன். ஏரி வந்தது, குழல் வந்தது. பஸ் முழுக்கக் கண் மூடியது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக எனக்குத் தூக்கம் வரவில்லை. திக்குமோ, துப்புமோ என்று பிளேயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரகடம் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் வண்டி நின்றுவிட்டது. கம்பெனி கேட் இன்னும் தூரத்தில். உருட்டி ஓட்ட நீயும் இல்லை. தாலாட்டு முடிந்தது. அடுத்து உன் குரல்.

"எய்ந்திருங்கப்பா, கேட்டு வந்துட்ச்சி."

பழைய ஆட்கள் பாதித் தூக்கத்திலேயே எழுந்து பையை எடுத்துக்கொண்டு வரிசையாய் நின்றார்கள். வெளியே லாரிதான். ஒருத்தரும் உன்னைத் திட்டவில்லை மச்சான். மறுபடி உட்காரவும் இல்லை. வானவில் துண்டு அவர்கள் சட்டைகளில் நகர்ந்துகொண்டிருந்தது.

நான் மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். எனக்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தாயே, அதற்காக.

"மச்சான், உன்னத்தான். மத்தவங்கல்லாம் எறங்கிட்டாங்க. எய்ந்திரு."

நான் அசையவில்லை. ஜெனி என் தோளில் கை வைத்தாள். "எழுந்திருப்பா. மாமா கூப்பிடறாரு இல்ல?" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் ஸ்டெல்லா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், "எங்கண்ணன் உன்னத் திட்னானா?" என்று. திட்டினான் என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கம்ப்யூட்டர்மேல் துணியை மறுபடி போடவில்லை.

ஆகவே ஒரு வாக்கு தருகிறேன். ஊரே முதல் சத்தத்தில் எழுந்துவிட்டாலும், நீ தனியாக என்னைக் கூப்பிடும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன். உனக்கும் ஒரு வேலை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கையைக் கட்டிய, இன்னும் திருந்தாத தூங்குமூஞ்சி மச்சான்