இல்லாத கணவருக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் என் பெயரில் திரும்ப வாங்கப்பட்ட வரிப்பணம்

அனுப்புநர்:
ஐலீன் ரேமண்ட்,
எண் 17, லோரோங் செராய் 4,
தாமான் செராய் இண்டா,
81750 மாசாய், ஜொகூர்.

பெறுநர்:
உயர் அதிகாரி அவர்கள்,
வருமான வரி மேல்முறையீட்டுப் பிரிவு,
தென் மண்டலக் கிளை,
ஜொகூர் பாரு.

பொருள்: என் அடையாளத்தைத் திருடி வரிப்பணத்தைத் திரும்ப வாங்கியவரை வெளியே விட்டுவிட்டு, என்னை நாட்டைவிட்டு வெளியே போகாமல் தடுத்து வைத்திருப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவின் மலாய்ப் பிரதி இத்துடன் இருக்கிறது. அதை எழுதித் தந்த என் தம்பி மகள் அபிகெயில் நல்ல பெண். என் கோபத்தில் பாதியை விட்டுவிட்டாள். மீதிப் பாதியும் தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் தமிழிலும் எழுதுகிறேன். வாசித்துச் சொல்லத் தங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

1. எனக்கு வயது 47. திருமணமாகவில்லை. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது ஆண்டுகள் தரப் பரிசோதகராக வேலை செய்தேன். 2023 ஜனவரி முதல் சிங்கப்பூரில் மருத்துவமனைத் துணிகளைச் சலவை செய்யும் கூடத்தில் ஷிப்ட் மேற்பார்வையாளர். தினமும் விடியற்காலைப் பேருந்தில் எல்லையைக் கடந்து போய்த் திரும்புகிறேன். இதுவரை ஒரு வரிப் பாக்கியும் வைத்தவள் அல்லள்.

2. இம்மாதம் 5ஆம் தேதி சோதனைச் சாவடியில் என் கடப்பிதழை வைத்தபோது தானியங்கி வாயில் திறக்கவில்லை. என்னைத் தனி அறைக்கு அழைத்துச் சென்று, எண்ணாயிரத்துச் சொச்சம் மலேசிய வெள்ளி வரி பாக்கி இருப்பதால் நாட்டைவிட்டு வெளியேறத் தடை என்றார்கள். கூட வேலை செய்யும் பெண்கள் பதினாறு பேர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். அன்று முதல் நான் வேலைக்குப் போகவில்லை. மார்ச் 30ஆம் தேதி திங்கட்கிழமைக்குள் திரும்பாவிட்டால் என் வேலை அனுமதி ரத்தாகும் என்று முதலாளி எழுதித் தந்திருக்கிறார். அக்கடிதம் இணைப்பு 2.

3. அன்றே தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். கவுன்டரில் இருந்த லோஷினி என்ற பெண் பொறுமையாகத் தேடி, 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு என் பெயரில் சென்ற வரிப் படிவங்களை அச்செடுத்துக் கொடுத்தார் (இணைப்பு 1). அவற்றின்படி எனக்குச் சதாசிவம் என்ற கணவர் இருக்கிறார். அவர் உடற்பேறு குறைந்தவர். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் மூவர். மூத்தவன் பிறந்ததாகச் சொல்லப்படும் 1998 நவம்பரில் நான் பள்ளியிறுதி எஸ்டிபிஎம் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். பிரசவ வலி வந்ததாக நினைவில்லை. இந்தக் குடும்பத்தைக் காட்டி, நான் இரண்டு ஆண்டுகள் கட்டிய வரி முழுவதும் திருப்பி வாங்கப்பட்டிருக்கிறது. பின்னர் தங்கள் அலுவலகமே அது பொய் என்று கண்டுபிடித்து, அபராதத்தோடு என் தலையில் கட்டியிருக்கிறது.

4. இது எப்படி நடந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் மார்ச், ஏப்ரல் மாதங்களில், ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் எங்கள் தேவாலய மண்டபத்தில் கமலநாதன் என்பவர் மேசை போட்டு உட்காருவார். கழுத்தில் டை, முன்னால் மடிக்கணினி. ஆளுக்கு ஐம்பது வெள்ளி வாங்கிக்கொண்டு வரிப் படிவம் நிரப்பித் தருவார். தொழிற்சாலையில் ஷிப்ட் ஏறும்போது கைப்பேசியை லாக்கரில் பூட்டிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. வரிக் கணக்கைத் திறக்கும் ரகசிய எண் கைப்பேசிக்குத்தான் வரும். "நீங்க ஷிப்ட்ல இருப்பீங்க, எனக்கு எப்படிக்கா நம்பர் சொல்வீங்க? என் நம்பரையே போட்டுடலாம் லா, ஒரு தொல்லையும் இல்ல" என்றார். சரி என்றேன். நான் மட்டும் அல்ல, என் லைனில் இருந்த பதினோரு பெண்களையும் நானே கையைப் பிடித்து அழைத்துப் போய் அவர் எதிரில் உட்கார வைத்தேன். பத்தொன்பது ஆண்டுகள் மற்றவர்களின் தவறுகளைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான். வெட்கமாக இருக்கிறது.

5. எனக்குக் காட்டிய படிவம் ஒன்று, அனுப்பியது வேறு. "உங்களுக்கு ஒண்ணும் திரும்ப வராதுக்கா, கரெக்டா கட்டியிருக்கீங்க" என்று என்னைப் பாராட்டி வேறு அனுப்பினார். தங்கள் அலுவலகம் அனுப்பிய விளக்கக் கடிதங்களும் அபராத அறிவிப்பும் அவருடைய மின்னஞ்சலுக்கும் அவருடைய கைப்பேசிக்குமே போயின. திருடனுக்கு ஏழு முறை முறைப்படி அறிவிப்பு கொடுத்திருக்கிறீர்கள். தங்கள் பொறுமையைப் பாராட்டுகிறேன்.

6. பணம் போன வங்கிக் கணக்கு வெள்ளையம்மா என்பவருடையது. எங்கள் கடைவீதியில் காலையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்கும் எழுபத்திரண்டு வயதுப் பெண்மணி. கேட்டதற்கு, "ஏடிஎம் கார்டு அந்த டை கட்டுன தம்பிகிட்டதாம்மா இருக்கு. அரசாங்க உதவி வாங்கித் தர்றேன்னு கேட்டாரு, குடுத்தேன். ஏம்மா, எதாச்சும் தப்பா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். ஐலீன் ரேமண்டின் பணம் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வெள்ளையம்மாவின் கணக்குக்குப் போனபோது தங்கள் பிரிவில் யாருக்கும் சந்தேகம் தட்டவில்லையே, அவர்களைக் கொஞ்சம் விசாரிக்கலாம்.

7. இனிச் சொல்லப்போவதைத் தாங்கள் உட்கார்ந்துகொண்டு கேட்கவும். மேல்முறையீட்டுப் படிவம் பதினான்கு பக்கம். நான் விழித்ததைப் பார்த்து லோஷினி இரக்கப்பட்டு, "ஆன்ட்டி, இது கொஞ்சம் கஷ்டம். ஒருத்தர் இருக்காரு, நம்ம ஆளுங்களுக்கு நல்லா ஹெல்ப் பண்ணுவாரு" என்று கவுன்டரில் கட்டாக இருந்த முகவரி அட்டைகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கமலநாதனின் அட்டை. படிவத்தில் என் கைப்பேசி எண்ணாக இருந்ததும் அட்டையில் இருந்ததும் ஒன்றே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "அலமாக், ஆன்ட்டி" என்று அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தெரியாமல் செய்தார். தங்கள் கவுன்டரில் திருடனுக்கு விளம்பரம் வைக்க அனுமதித்தவர் யார் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

8. பின்னர் தங்கள் துணை அதிகாரி வந்தார். நான்கு பேர் வரிசையில் நிற்க, "சுவாமி மானா?" என்று கேட்டார். உன் கணவர் எங்கே என்று. கணவர் இல்லை என்றேன். அப்படியானால் இல்லை என்று பதிவு இலாகாவில் சான்று வாங்கி வரச் சொன்னார். இருபத்தெட்டு வயதில் எனக்கு நிச்சயம் செய்த கல்யாணம் நின்றுபோனது, ஐயா. அதைப் பற்றி நான் வீட்டிலேயே பேசுவதில்லை. அன்று கவுன்டரில் நின்று பேசினேன். அந்தக் கணவர் இருக்கிறார் என்று ஒரு திருடன் எழுதியபோது அவனிடம் சான்று கேட்காத அலுவலகம், இல்லை என்று நான் சொன்னால் மட்டும் கேட்கிறது. சான்று கிடைக்க ஆறு வாரம் ஆகுமாம்.

9. கடந்த 8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மண்டபத்துக்குப் போனேன். கமலநாதன் வழக்கம்போல மேசை போட்டிருந்தார். எதிரில் பன்னிரண்டு, பதின்மூன்று பேர், மடியில் சம்பளப் படிவமும் அடையாள அட்டையும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "ஐலீன் அக்கா, தடை விழுந்துருச்சாமே! கவலப்படாதீங்க, அப்பீல் ஃபார்ம் நான் ஃபில் பண்ணித் தர்றேன். உங்களுக்காக முப்பது வெள்ளி" என்றார். இருபது வெள்ளி தள்ளுபடி. நான் அங்கேயே நின்று அத்தனை பேருக்கும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னேன். எட்டுப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், கடைசி நாள் நெருங்குகிறதாம். போலீஸ் புகார் 6ஆம் தேதியே கொடுத்துவிட்டேன், நகல் இணைப்பு 3. அவர் இன்னும் டை கட்டிக்கொண்டுதான் திரிகிறார்.

10. தொகையைக் கட்டிவிட்டால் தடை மூன்று நாளில் நீங்கும், முறையீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தங்கள் துணை அதிகாரி ஆலோசனை சொன்னார். என்னிடம் பணம் இருக்கிறது, ஐயா. கட்டமாட்டேன். கட்டினால் அந்தப் பொய்யை எழுதியது நான்தான் என்று ஆகிவிடும். திருடி என்ற பெயரை என் கைக்காசு கொடுத்து வாங்க நான் தயாராக இல்லை.

ஆகவே, என் மீதான பயணத் தடையை உடனே நீக்கவும், அந்த இரண்டு படிவங்களும் நான் அனுப்பியவை அல்ல என்று எழுத்தில் தரவும், அந்த அட்டைக் கட்டைக் கவுன்டரிலிருந்து எடுக்கவும், நான் அழைத்துப்போன பதினோரு பெண்களின் கோப்புகளையும் அவர்கள் சாவடியில் நிற்கும் முன்பே பார்க்கவும் கேட்டுக்கொள்கிறேன். அவர்களின் பெயர்களும் அடையாள அட்டை எண்களும் அவர்கள் சம்மதத்துடன் இணைப்பு 4இல் உள்ளன. எனக்கு ஒன்று மட்டும்தான் செய்து தர முடியும் என்றால், அந்தப் பதினோரு பேரை முதலில் பாருங்கள். அவர்கள் பெயரில் என்ன படிவம் போயிருக்கிறது என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது.

நோன்புப் பெருநாள் விடுமுறை குறுக்கே வருவதை அறிவேன். தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் வாழ்த்துகள். விடுமுறை கழிந்து 30ஆம் தேதி முதல் பேருந்தில் நான் சாவடிக்குப் போவேன். வழி விட்டால் வேலைக்குப் போகிறேன். விடாவிட்டால் என் வேலை போய்விடும். எட்டு மணிக்குத் தங்கள் அலுவலகம் வந்து எண் எடுத்துக்கொண்டு கவுன்டருக்கு எதிரில் உட்காருவேன். மறுநாளும் வருவேன், அதற்கு மறுநாளும் வருவேன். வேலை இல்லாதவளுக்கு வேறு என்ன வேலை, ஐயா?

மேலே எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்று,

நாள்: 12 மார்ச் 2026
இடம்: மாசாய்

(ஒப்பம்)
ஐலீன் ரேமண்ட்