கைவீசிக்கொண்டு போய்வரலாம்

மார்ச் 2, ஞாயிறு

ஆறாவது நடை முடிந்தது. பைன் காட்டுக்குள் புகுந்து, கலங்கரை விளக்கம் வரை ஏறி, கடலோரமாகத் திரும்பும் பாதை. வீட்டுக்குள் நுழைந்ததும் இவர் சொன்னார்: "ரொம்ப எளிது. குழந்தைகூட நடக்கும்." வியர்வையே இல்லை. காலையில் நான் போட்ட இஸ்திரி மடிப்பு சட்டையில் அப்படியே இருந்தது.

எப்படி வியர்க்கும்? கையில் ஒரு கைத்தடி, வாய்க்குப் பக்கத்தில் செல்போன். பார்ப்பதையெல்லாம் அதில் பேசிப் பதிவு செய்துகொண்டு முன்னால் போகிறார். மற்றதெல்லாம் பையில். பிளாஸ்க், இரண்டு தண்ணீர் பாட்டில், ரொட்டி, குடைகள், மருந்துப் பெட்டி, கேமரா, அதன் முக்காலி, இவருடைய மாற்று ஷூ. மேலே கட்டிய மடக்கு நாற்காலி. நல்ல காட்சி வந்தால் இவர் உட்கார்ந்து பார்க்க வேண்டுமே. பை என் முதுகில்.

புத்தகத்தின் பெயர் 'கரையோரம், காட்டோரம்: எட்டு எளிய நடைகள்'. முதல் வரி: "இவை கைவீசிக்கொண்டு போய்வரக்கூடிய நடைகள்." பொய் என்று சொல்ல மாட்டேன். வீசினார். பின்னாலிருந்து பார்த்த சாட்சி நான்.

மார்ச் 3, திங்கள்

நூலகத்தில் எனக்கு மதியம்தான் வேலை. காலையில் உட்கார்ந்து நேற்றைய பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்தேன். இவர் பேசுவார், நான் அடிப்பேன், நானே பதிப்பகத்துக்கு அனுப்புவேன். அனுப்புவதற்கு முன் இவர் படிப்பதில்லை. தன் எழுத்தைத் தானே படிப்பது தற்பெருமையாம்.

கலங்கரை விளக்கத்துக்கு ஏறும் இடம். குரல் கணீரென்று சொல்கிறது: "இங்கே ஏற்றம் இருப்பதே நமக்குத் தெரிவதில்லை." அதற்குப் பின்னால் ஒரு சத்தம். ஈர மரத்தை யாரோ ரம்பத்தால் அறுப்பது போல. காட்டில் மரம் வெட்டினார்களா என்ன?

திரும்பப் போட்டுக் கேட்டேன். அது என் மூச்சு.

நடுவில் ஒரு பெண் குரல்: "கொஞ்சம் நில்லுங்களேன்." இவர் நிற்கவில்லை. "வலப்பக்கம் பெரணிச் செடிகளின் அழகைக் காணலாம்" என்று போய்க்கொண்டே இருக்கிறார். நில்லுங்களேன் என்று சொன்னதே எனக்கு நினைவில்லை. பெரணிச் செடியும் நினைவில்லை. எனக்குத் தெரிந்தது இவருடைய ஷூவின் குதிகால் மட்டும்தான்.

அடித்தேன். என் மூச்சை விட்டுவிட்டு.

மார்ச் 5, புதன்

வலது முழங்கால் பன் மாதிரி வீங்கியிருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

எலும்பு டாக்டரிடம் போனோம். சின்ன வயதுதான், பொறுமையாகப் பார்த்தார். "படி இறங்காதீங்கம்மா. வெயிட் தூக்கவே கூடாது. இப்படியே விட்டா ஆபரேஷன்தான், அதுக்கப்புறமும் பழையபடி மடங்கும்னு சொல்ல முடியாது."

நான் வாயைத் திறப்பதற்குள் இவர்: "எளிய நடை போகலாமா டாக்டர்?"

"எளிய நடைன்னா தாராளமா போகலாம் சார். சமதரையில, கைவீசிக்கிட்டு."

வரும் வழியெல்லாம் இவர் காதில் "தாராளமா" மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. "பாத்தியா, டாக்டரே சொல்லிட்டார். உக்காந்தே இருந்தா மூட்டு இறுகிடும்."

முப்பது வருஷம் காப்பீட்டு அலுவலகத்தில் அடுத்தவர்களுடைய ஆபத்தை அளந்து சம்பளம் வாங்கியவர் இவர். கூரை ஒழுகினால் எவ்வளவு, விரல் போனால் எவ்வளவு என்று வரிசையாகச் சொல்வார். முழங்கால் அந்த வரிசையில் இல்லை போலிருக்கிறது. அல்லது என் முழங்கால்.

மார்ச் 8, சனி

மகளிடம் போனில் சொன்னேன். "அப்பாகிட்ட முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"மூச்சு வாங்கியே சொல்லிட்டிருக்கேன்டி. ரெக்கார்டே ஆகியிருக்கு."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்குப் போகாமல் இருந்தால் என்ன? இந்த மாதக் கடைசிக்குள் எட்டும் கொடுக்க வேண்டும் என்று பதிப்பகத்தில் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் இரண்டுதான். ஏழாவது சமதரை என்று சத்தியம் செய்கிறார். போய்த் தொலைக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

சமதரை!

காடு முடியும் இடத்தில் கடலுக்கு இறங்கப் படிகள். பாறையில் வெட்டியவை, பாசி பிடித்தவை, ஒவ்வொன்றும் ஒரு ஸ்டூல் உயரம். மேலே நின்று கேட்டேன், "இது என்ன?"

"சில படிகள்."

சில! கீழே நிற்பவர்கள் எறும்பு மாதிரி தெரிகிறார்கள், இவருக்குச் சில.

பாதியில் கால் மடங்கிவிட்டது. பையோடு உட்கார்ந்த வாக்கிலேயே நாலைந்து படி சறுக்கினேன். பிளாஸ்க் கணகணவென்று அடித்துக்கொண்டது. இவர் திரும்பிப் பார்த்தார். திரும்பிப் பார்த்து, கேட்டார்:

"பிளாஸ்க் உடைஞ்சிடுச்சா?"

உடையலைங்க. அது ஸ்டீல். உடையறது வேற.

நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். இவர் நாற்காலியை அவிழ்த்து எடுத்துப் பிரித்து அதில் உட்கார்ந்தார். செல்போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இவ்விடத்தில் சற்று அமர்ந்து கடலை ரசிக்கலாம்."

மார்ச் 10, திங்கள்

நூலகத்துக்கு விடுப்பு. காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு தட்டச்சு செய்தேன்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தட்டச்சு செய்பவரின் தர்மம் என்ன? காதில் விழுவதை அடிப்பது. இவ்வளவு நாள் பாதியைத்தான் அடித்திருக்கிறேன். இன்று முழுவதையும் அடித்தேன்.

"பாதை இங்கே மென்மையாகச் சரிகிறது. (பின்னால் ஒரு பெண் மூச்சு வாங்குகிறாள்.) சில படிகள் உண்டு. ('அய்யோ, முட்டி.') எந்த வயதினரும் இறங்கலாம். (விழும் ஓசை. 'பிளாஸ்க் உடைஞ்சிடுச்சா?') இவ்விடத்தில் சற்று அமர்ந்து கடலை ரசிக்கலாம். (அந்தப் பெண் அமர்ந்தேதான் இருக்கிறாள்.)"

ஒரு எழுத்துப்பிழை இல்லை. தலைப்புக்குப் பக்கத்தில் வழக்கம்போல ஒரு ஷூ படம் வைத்தேன். ஒரு ஷூ என்றால் எளிது, இரண்டு என்றால் சுமார், மூன்று என்றால் கடினம். ஒற்றை ஷூவோடு யார் நடப்பார்கள் என்று பதிப்பகத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

அனுப்பிவிட்டேன்.

மார்ச் 12, புதன்

பதில் இல்லை. பயமாக இல்லை. பயம் ஏன் இல்லை?

மார்ச் 14, வெள்ளி

பதிப்பகத்துப் பெண் இவரைக் கூப்பிட்டாள். குரல் பக்கத்து அறை வரை கேட்டது. "சார், ஏழாவது படிச்சோம். ஆபீஸே ஒரே சிரிப்பு. அப்புறம் எல்லாரும் கம்முனு ஆயிட்டோம். அந்த பின்னாடி வர்ற அம்மா யாரு சார்? நல்லா இருக்காங்களா?"

இவர் முகம் போன போக்கு! போனை வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் எழுத்தைப் படித்தார். பிறகு வந்தார்.

"என் புத்தகத்துல உன் மூச்சு எதுக்கு?"

"நடந்தது ரெண்டு பேரு."

"மானத்தை வாங்கிட்டியே! நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"நாலு பேர் படிச்சுட்டுத்தான் போன் பண்ணியிருக்காங்க. நல்லா இருக்காங்களான்னு கேட்டாங்க. நீங்க கேட்டீங்களா? பிளாஸ்கைக் கேட்டீங்க."

"அது ஏதோ பதட்டத்துல..."

"பதட்டத்துல நாற்காலியைப் பிரிச்சீங்களா?"

நான் இப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. குரல் உடைந்து, எழுத்து நடையெல்லாம் காற்றில் போய்— எட்டாவதுக்கு வர மாட்டேன், இனி எதுக்கும் வர மாட்டேன், காலு என்னுது, தூக்கிட்டு ஓடுறதுக்கு நான் என்ன கழுதையா? கழுதைக்காவது மூட்டு வலிச்சா நின்னுடும்.

"சரி, வராதே. நான் என்ன நடக்கத் தெரியாதவனா?" என்றார். ரோஷம்.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் பையைத் தூக்கினார். கீழே வைத்தார். நான் பார்க்கிறேனா என்று பார்த்தார். மறுபடி தூக்கினார்.

சாயங்காலம் வந்து, பையை வாசலிலேயே போட்டுவிட்டு, ஷூவைக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார். சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வரும்.

"இந்தப் பையில என்னத்தப் போட்டு வச்சிருக்க?"

"நீங்க போடச் சொன்னதைத்தான்."

மார்ச் 17, திங்கள்

எட்டாவது நடையின் பதிவு. தொடக்கத்தில் கணீர்க் குரல்: காட்டின் குளிர்ச்சி, பறவைகள். சிறிது நேரத்தில் வாக்கியங்கள் குட்டையாகின்றன. பிறகு அந்த ரம்பச் சத்தம். இந்தத் தடவை நான் வீட்டில் இருந்தேன்.

மேட்டின் நடுவில், "இங்கே ஏற்றம்..." என்று தொடங்கி நிறுத்துகிறார். முடிக்கவில்லை. அலைச் சத்தம். பிறகு, வெகு இயல்பாக:

"தண்ணி எடு."

ஒன்றும் இல்லை. ஒரு கடற்பறவை கத்துகிறது. ஜிப்பை இழுக்கும் சத்தம், எதெதுவோ கொட்டும் சத்தம், பிளாஸ்க் உருண்டு போகும் சத்தம். அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தை. அதன் பிறகு பதிவு முடியும்வரை மூச்சு மட்டும்.

மூன்று தடவை கேட்டேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பாதி சந்தோஷம்தான் வந்தது. மீதி கோபம்: இது புரிய உங்களுக்கு ஒரு மேடு முழுக்க வேண்டியிருந்ததா?

எல்லாவற்றையும் அடித்தேன். "(தண்ணி எடு, என்கிறார். எடுக்க ஆள் இல்லை.)"

மார்ச் 19, புதன்

இவர் வந்து பின்னால் நின்றார். "எல்லாத்தையும் அடிச்சிட்டியா?"

"எல்லாத்தையும்."

"அந்த... தண்ணியையும்?"

"அதையும்."

குனிந்து திரையில் அந்த வரியைப் படித்தார். அழித்துவிடு என்று சொல்லவில்லை. "எட்டாவதுக்கு ரெண்டு ஷூ போட்டுடு," என்றார்.

"மத்த ஏழுக்கு?"

"அதெல்லாம் எளிதுதானே, எனக்கு..." அங்கேயே நிறுத்திக்கொண்டார். மேட்டில் நிறுத்தினாரே, அதே மாதிரி.

"மறுபடி நடந்துட்டு வந்து சொல்லுங்க. பையோட."

அடுத்த அறைக்குப் போய்ப் பதிப்பகத்துக்குப் போன் செய்து, கூட அவகாசம் கேட்டுக்கொண்டிருந்தார். காரணம் கேட்டிருப்பாள். "சரிபாக்கணும்மா," என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

முதலாவது நடைக்கு இன்று மறுபடி போயிருக்கிறார். காலையில் பையைத் தானே கட்டினார். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்: முக்காலி, ஒரு குடை, மாற்று ஷூ. கடைசியில் நாற்காலி. அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல், ஜன்னலோரமாக வைத்துவிட்டுப் போனார். மன்னிப்பு என்ற வார்த்தை இவர் வாயில் வராது. நானும் கேட்கப் போவதில்லை, கேட்டு வாங்கினால் அதையும் நான்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

முழங்கால் வீக்கம் பாதி இறங்கியிருக்கிறது. படி வேண்டாம், மீதியைப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

ஏழு நடை முதுகில் சுமந்த நாற்காலி. இன்றுதான் உட்கார்ந்து பார்க்கிறேன். ஒரு கால் ஆடுகிறது. இவர் சொன்னதே இல்லை.