உங்கள் கப்பல் வந்தது

ஹந்தானை
ஓகஸ்ட் 10

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் உங்கள் கப்பலும் நலமா? போனில் கேட்டால் சிரித்தே என் வாயை அடைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று வந்த போட்டோ எல்லாம் கப்பல். முன்னால் கப்பல், பின்னால் கப்பல், பக்கவாட்டில் நீங்கள் பெயிண்ட் அடித்த பெரிய நம்பர். அதற்கு அடியில் சுண்டெலி மாதிரி நீங்கள், பல்லைக் காட்டிக்கொண்டு. நம் கலியாணப் படத்தில்கூட இப்படிச் சிரிக்கவில்லை. என்னோடு புடைவைக் கடையில் வேலைக்கு நிற்கும் றம்ஸியாவிடம் காட்டினேன். "ஒங்கட சக்களத்தி நல்ல ஒசரம் புள்ள" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறுதான் எரிந்தது.

வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டில் வெடிப்புப் பெரிதாகிவிட்டது. மழைக்கு முன் வந்து, மண் சரியாமல் கல்லணை கட்டுவேன் என்றீர்கள். அத்தை தினமும் அதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுகிறார். அடுத்த மாதம் வருவீர்கள்தானே?

உங்கள் லோஜினி

துபாய்
செப்டெம்பர் 2

என் அன்பு லோஜி,

இரும்பைப் பார்த்துப் பொறாமைப்படும் பெண்ணை இப்போதுதான் பார்க்கிறேன்!

எங்கள் யார்டுக்குப் பழுதுபார்க்க வந்திருக்கும் இது லேசுப்பட்ட கப்பலில்லை, வெளிநாட்டுப் போர்க்கப்பல். எதிரியின் கரையில் படையை இறக்குவதற்கென்றே கட்டியது. மேல்தட்டு மைதானம் மாதிரி, ஹெலிகொப்டர்கள் நிற்கும். பின்பக்கக் கதவைத் திறந்தால், கப்பல் தன்னைத் தாழ்த்திக்கொண்டு கடலை வயிற்றுக்குள் விடும். உள்ளேயிருக்கும் படகுகள் மிதந்து வெளியே போகும். துறைமுகமே இல்லாத இடத்திலும் ஆளையும் லொறியையும் இறக்கிவிடும். உள்ளே ஆஸ்பத்திரிகூட உண்டு. சண்டை இல்லாத காலத்தில் புயல், வெள்ளம் என்றால் முதலில் ஓடுவதும் இதுதானாம். அந்த வயிற்றுக்குள் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிப்பவன் உன் புருஷன். கொஞ்சம் பெருமைப்படேன்!

வேலை இன்னும் முடியவில்லை, ஃபோர்மன் விடமாட்டேன் என்கிறார். தீபாவளிக்குக் கட்டாயம் வருவேன். அதுவரை மேட்டுக்குத் தறப்பாள் போட்டு மூடு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் நிரோஷன்

ஹந்தானை
செப்டெம்பர் 19

அத்தான்,

'அன்புள்ள' என்பதை வேண்டுமென்றேதான் விட்டேன். கப்பலுக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு வரி. அதுவும் தறப்பாள்!

ஊருக்கெல்லாம் முதலில் ஓடுமாம். என்னிடம் முதலில் ஓடி வர வேண்டியது யார்? ஃபோர்மன் விடவில்லையா, உங்களுக்கு அதை விட்டு வர மனமில்லையா? சாமி மேல் ஆணையாகச் சொல்லுங்கள்.

எனக்குப் பொறாமைதான், ஒளிக்கவில்லை. உங்கள் மேல் ஆசை இருப்பதால்தான் வருகிறது. அது வராமல் போனால்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

தறப்பாளைக் காற்று தேயிலைக்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

லோஜினி

துபாய்
ஒக்டோபர் 14

லோஜிக் கண்ணு,

ஆணை என்றாய், அதனால் பொய் சொல்லவில்லை. ஃபோர்மன் போகத்தான் சொன்னார். பழுதுபார்த்த கப்பலைக் கடலில் ஓட்டிப் பார்ப்பதைக் காணும் ஆசையில் நான்தான் நின்றேன். தண்ணீர் உள்ளே வந்தபோது என் பெயிண்ட் ஓரிடத்திலும் உரியவில்லை, தெரியுமா?

விட்ட லீவு இனி டிசெம்பரில்தான் கிடைக்கும். வந்ததும் முதல் வேலை அணைதான். கப்பல் நாளை புறப்படுகிறது. இனி உனக்குச் சக்களத்தி இல்லை.

உன் நிரோஷன்

கண்டி
டிசெம்பர் 4

நிரோஷனுக்கு,

அத்தையும் நானும் உயிரோடு இருக்கிறோம். புயல் மழையில் மேடு சரிந்து அடுக்களையோடு வீட்டையே மூடிவிட்டது. அத்தைக்குக் கால் முறிந்தது. பாதையும் உடைந்து, சிக்னலும் இல்லாமல் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கிடந்தோம்.

பிறகு மைதானத்தில் ஒரு ஹெலிகொப்டர் இறங்கியது. தண்ணீர் கொண்டுவந்த வெளிநாட்டுச் சிப்பாயின் தொப்பியில் நீங்கள் பெயிண்ட் அடித்த அதே நம்பர். சார்ஜ் சாகப்போகும் போனில் அந்தப் போட்டோவைக் காட்டினேன். கப்பலைத் தொட்டுச் சந்தோஷமாகத் தலையாட்டினான். அடியில் நிற்கும் உங்களைத் தொட்டு "எங்க வீட்டுக்காரரு" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. அத்தையைப் பதமாகத் தூக்கிக் கொண்டுபோய்க் கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

நீங்கள் எழுதியது சரிதான், நல்ல கப்பல். இந்த மலைக்கும் வந்துவிட்டது.

அத்தையைக் கம்பளைக்கு, என் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். அவரை நான் பார்த்துக்கொள்வேன். அணை கட்ட வர வேண்டாம். அங்கே இப்போது வீடு இல்லை.

ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்த றம்ஸியா கேட்டாள்: "இன்னும் அந்தக் கப்பல் மேல எரிச்சலா?" இல்லை என்றேன். உள்ளே தேடியும் பார்த்தேன். எனக்கு இப்போது பொறாமையே வரவில்லை.

லோஜினி