கை நனைக்காத வீடு

அக்கா,

இன்று காலை சோளக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கடைகளில் பலாப்பழம் வந்து குவிந்திருக்கிறது. வாசம் ரோட்டைத் தாண்டி வந்து மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அந்த வாசம் வந்தால் நாக்கில் எச்சில் ஊறும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழக்கடைக்காரம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "ஏனுங்க, பழத்தப் பாத்தா சிரிக்கிறீங்க?" என்று கேட்டார். என்னத்தைச் சொல்வது? வீடு முழுக்க இதே வாசத்தை வைத்துக்கொண்டு, வாசலில் நின்ற மனிதரிடம் "ஊட்டுல திங்க ஒண்ணுமே இல்லீங்க" என்று கூசாமல் பொய் சொன்ன உங்கள் முகம் நினைவுக்கு வந்தது என்றா சொல்ல முடியும்? "சும்மா தானுங்க" என்று சொல்லி, ஒரு கூறு சுளை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

உங்களைத் தெரிந்தவர்கள் யாரும் அந்தப் பொய்யை நம்ப மாட்டார்கள். மலையில் நம் ஆலத்தூர் நாட்டில் உங்கள் வீட்டில் சாப்பிடாத ஆள் உண்டா? தடுப்பூசி போட வரும் நர்ஸ், மின்கம்பம் ஏறும் பையன், நிலம் அளக்க வந்த சர்வேயர், எல்லோருக்கும் உங்கள் சட்டியில் ஒரு பங்கு இருந்தது. தேர்தலில் நீங்கள் வார்டு உறுப்பினராக நின்றபோது எதிர்த்து நின்றவளுக்கே வெயிலில் அலைகிறாளே என்று மோர் கொடுத்து அனுப்பியவர் நீங்கள். அவள் வீட்டுக்காரர் அந்த மோருக்காகவே உங்களுக்கு ஓட்டுப் போட்டதாக ஊரில் பேச்சு.

நான் பஞ்சாயத்துத் தலைவராக ஜெயித்தேன், நீங்கள் உறுப்பினராக ஜெயித்தீர்கள். அதற்கு முன்பும் நாம் அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள்தான். ஆனால் பஞ்சாயத்து ஆபீசின் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து சண்டை போட ஆரம்பித்த பிறகுதான் உங்களை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனால் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கேலிக்குத் தொடங்கிய "தலைவரே" கடைசி வரைக்கும் அப்படியே நின்றுவிட்டது.

நம் இரண்டு ஊருக்கும் மேலே இருக்கிற அந்த மேட்டை எத்தனை முறை ஏறியிருப்போம். பஞ்சாயத்துக்குச் சொந்தமான பொதுநிலம். மேலே அடர்ந்த மரங்கள், அடியில் நம் ஊற்று. இரண்டு ஊருக்கும் குடிக்கிற தண்ணீர் அதிலிருந்துதான் குழாயில் இறங்குகிறது. பதவிக்கு வந்த புதிதில், 'இது பாதுகாக்கப்பட்ட இடம்' என்று பச்சைப் பெயின்ட்டில் ஒரு பலகை நட்டு, அதன் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டேன். நீங்கள் பலகையைச் சுற்றி வந்து, அதன் முதுகுப் பக்கத்தையும் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "போர்டு நல்லா இருக்குதுங்க தலைவரே. ஆனா அதுக்குக் கண்ணு தெரியாதே. நாமதான் ஏறிப் பாக்கோணும்."

அன்றிலிருந்து மாதம் தவறாமல் என்னை இழுத்துக்கொண்டு ஏறினீர்கள். மழைக்காலத்தில் கால் முழுக்க அட்டை. எங்கே மரம் வெட்டியிருக்கிறார்கள், எங்கே மண் சரிந்திருக்கிறது, யார் வேலியை ஒரு அடி தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்போம். வேலி தள்ளியவன் வீட்டு வாசலில் போய் நின்று, காப்பி குடித்துவிட்டு, நயமாகச் சொல்லிவிட்டு வருவோம். மறுநாள் வேலி பழைய இடத்துக்கு வந்திருக்கும். நான் மூச்சு வாங்கிக்கொண்டே உங்களைத் திட்டிய திட்டெல்லாம் இப்போது நினைத்தால் இனிக்கிறது.

அப்புறம்தான் அவர் வந்தார். ராசிபுரம் பக்கத்துக்காரர், லாரி ஓட்டிச் சம்பாதித்து ஓய்ந்தவர். மேட்டுக்கு அந்தப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் சுற்றுலா வருகிறவர்களுக்குத் தங்கும் விடுதி கட்ட ஆசைப்பட்டார். அங்கே கார் போக வேண்டுமென்றால் நம் மேட்டைக் குறுக்கே வெட்டிப் பாதை போட வேண்டும். பொதுநிலம் என்பதால் கிராம சபை தீர்மானம் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. பாதை வெட்டினால் ஊற்று என்னாகும் என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாது. நமக்குத் தெரியும். மலையின் தென்பக்கத்தில் ஒரு ஊரில் இப்படித்தான் மேட்டைக் கீறினார்கள். அடுத்த கோடையில் அங்கே பெண்கள் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடந்தார்கள்.

ஆனாலும் நாம் என்ன செய்தோம்? அவருக்குச் சோறு போட்டோம்!

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பெண் கேட்டு வந்தவர்கள் சம்மதம் தெரியாமல் கை நனைக்க மாட்டார்கள் என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். நம் இரண்டு ஊரில் அது சபைக்கும் உண்டு. ஒரு காரியம் கேட்டு வீட்டுக்கு வந்தவர் அங்கே கை நனைத்துவிட்டால், அதாவது ஒரு வாய் சோறோ தண்ணீரோ வாங்கிவிட்டால், அந்தக் காரியத்தை அந்த வீட்டார் சபையில் மறுத்துப் பேசக் கூடாது. மறுப்பதாக இருந்தால் சோறு போடக் கூடாது. வழக்கம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. கடைப்பிடிக்கத்தான் ஆளில்லை. மலையேறி வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்கிறவரைச் சாப்பிடாமல் அனுப்ப நம் ஆட்களில் யாருக்கு மனசு வரும்? அவரும் சாப்பாட்டுப் பிரியர். ஒரு வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும், அடுத்த வீட்டில் ராகிக் களியும் கீரையும். என் வீட்டில் கோழி அடித்தேன். தலைவர் வீடு அல்லவா, கௌரவம் பார்க்க வேண்டாமா? அவர் விரலைச் சூப்பிக்கொண்டே பாதையைப் பற்றிப் பேச, என் வாய் கட்டப்படுவது தெரிந்தும் நான் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். இப்படி ஊரே சோறு போட்டுத் தன் வாயைத் தானே மூடிக்கொண்டது.

மிச்சம் இருந்தது உங்கள் வீடு மட்டும்தான். அன்று நான் உங்கள் கொல்லையில் மிளகு உலர்த்த உதவிக்கொண்டிருந்தேன். வாசலில் அவர் குரல் கேட்டது. நீங்கள் எழுந்து போய், கதவை ஒருக்களித்துக்கொண்டு நின்றீர்கள். உள்ளே பழுத்துப் பிளந்த பலா. வாசம் தெருவரைக்கும் போகிறது. அடுப்பில் சோறு கொதிக்கிற சத்தம் வேறு.

"ஊட்டுல திங்க ஒண்ணுமே இல்லீங்க" என்றீர்கள்.

அவர் மூக்கை உறிஞ்சினார். "ஒரு சொம்பு தண்ணியாச்சும் குடுங்கம்மா."

"தண்ணியும் இல்லீங்க."

அவர் ஒன்றும் புரியாமல் இறங்கிப் போனார். நீங்கள் கதவைச் சாத்திவிட்டு வந்து மிளகுக்கு முன்னால் உட்கார்ந்தீர்கள். கை ஓடவில்லை. "தண்ணி கேட்ட மனுசனுக்கு இல்லீன்னு சொல்லிப்போட்டேன் தலைவரே" என்று சொல்லி அழுதுவிட்டீர்கள். அன்று நீங்கள் சாப்பிடவில்லை. நான் உரித்து நீட்டிய சுளையைக்கூட வேண்டாம் என்று தள்ளிவிட்டீர்கள். உங்களை அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு உங்கள்மேல் பரிதாபமும் பெருமையும் ஒன்றாக வந்தன.

கிராம சபை சமுதாயக் கூடத்தில் நடந்தது. செயலர் பாதை விஷயத்தைப் படித்து முடித்து, "யாருக்காச்சும் ஆட்சேபணை இருக்குதுங்களா?" என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும்தான். இளவட்டம் ஒருவன் மட்டும், "ரோடு வந்தா நாலு பேருக்கு வேல வருமுங்க" என்றான். அவன் சொன்னதும் பொய்யில்லை. செயலர் பேனாவைத் திறந்துவிட்டார். இன்னும் ஒரு மூச்சு விடுகிற நேரம் போயிருந்தால் மேடு போயிருக்கும்.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து நீங்கள் எழுந்தீர்கள். "எனக்கு இருக்குதுங்க."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ராசிபுரத்துக்காரர் பதறிப்போனார். "ஏனுங்கம்மா, ஊருல அத்தன பேரும் சம்மதந்தானே? எல்லார் ஊட்டுலயும் சோறு போட்டாங்க, ஒருத்தரும் வேண்டாமுன்னு சொல்லலீங்களே!"

"என்ற ஊட்டுல சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க. தண்ணிகூட இல்லீன்னுட்டீங்க."

"அதுக்குத்தானுங்க குடுக்கல" என்றீர்கள்.

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பிறகு கூடமே சிரித்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் வழக்கத்தை விளக்கிச் சொன்ன பிறகு அவரும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் நீங்கள் நிதானமாகப் பேசினீர்கள். மழை எங்கே விழுகிறது, எந்த மரத்தடியில் இறங்குகிறது, எங்கே கீறினால் எங்கே வற்றும் என்று. "வேல வேணும் சாமி, நான் இல்லீன்னு சொல்லல. தண்ணி இல்லாத ஊருல நின்னுக்கிட்டு வேல பாப்பியா?" என்று அந்த இளவட்டத்தைக் கேட்டபோது அவன் தலையைச் சொறிந்தான். நீங்கள் உட்கார்ந்ததும் மூலையிலிருந்து ஒருவர், "அம்மா சொல்றது சரிதானுங்க" என்றார். அவ்வளவுதான். மறுத்துப் பேசத்தான் கூடாது, சொன்னதற்கு ஆமாம் போடக் கூடாது என்று எந்த வழக்கமும் இல்லையே! ஆளாளுக்கு "ஆமாங்க", "ஆமாங்க" என்று எழுந்தார்கள். நான் தலைவர் நாற்காலியில் இருந்தபடி எல்லோரையும்விடச் சத்தமாக ஆமாம் போட்டேன். மேட்டில் மண் வெட்டக் கூடாது, துளை போடக் கூடாது, பஞ்சாயத்து மாதாமாதம் ஏறிப் பார்க்க வேண்டும் என்று தீர்மானம் ஆனது.

கூட்டம் கலைந்ததும் நீங்கள் நேராக அவரிடம் போனீர்கள். "இப்ப வாங்க ஊட்டுக்கு" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போனீர்கள். சாமைச் சோறு, கோழிக் குழம்பு, நெய், தேன், பலா என்று இலை நிறைந்துவிட்டது. அவர் போதும் போதும் என்று இலையைக் கையால் மறைக்க, நீங்கள் பொழுது சாய்கிற வரை பரிமாறினீர்கள். அதன் பிறகு அந்த மனிதர் விடுதிப் பேச்சை எடுக்கவில்லை. அந்த நிலத்தில் மிளகும் காப்பியும் வைத்தார். ஒற்றையடிப் பாதையில் நடந்தே போய் வந்தார். மலைக்கு வந்தால் உங்கள் வீட்டில் சாப்பிடாமல் இறங்கியதில்லை.

போன கார்த்திகையில் நீங்கள் படுத்தபோது நாமக்கல் ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலருகே உட்கார்ந்து இதையெல்லாம் பேசிச் சிரித்தோம். வலியிலும் சிரித்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "கதவச் சாத்துனது தப்பில்ல. ஆனா எனக்கு அது ஒரு தடவைக்குத்தான் தெம்பு இருந்துது தலைவரே. சோத்தையும் போட்டு, இல்லீன்னும் சொல்றதுக்கு யாராச்சும் பழகோணும்." நான் உங்கள் போர்வையைச் சரி செய்தேன்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு மேடு ஏறுவது முதல் இரண்டு மாதம் சிரமமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. என் பதவிக்காலமும் முடிந்துவிட்டது. இப்போது நான் வெறும் ஊர்க்காரி. ஆனாலும் ஏறுகிறேன், இரண்டு ஊர்ப் பெண்களும் கூட வருகிறார்கள். இந்தக் கோடையிலும் ஊற்று நிற்கவில்லை. கையை வைத்தால் விரல் சில்லிடுகிறது. எனக்குக் குறையொன்றும் இல்லை, அக்கா. என்னோடு சண்டை போட நீங்கள் இல்லை என்பதைத் தவிர.

இந்த மே மாதக் கிராம சபையைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். இந்த முறை கேட்டு வந்தவன் வேறு யாரும் இல்லை, என் தம்பி. கூடப் பிறந்தவன். மிளகுக் கொடிக்குத் தண்ணீர் போதவில்லை, மேட்டின் ஓரத்தில் ஒரு போர்வெல் போட்டுக்கொள்கிறேன், சபையில் ஒரு வார்த்தை சொல் என்று கூட்டத்தன்று காலையில் என் வீட்டுக்கு வந்தான். பசியோடு வந்திருந்தான். கதவைச் சாத்த நான் எழவில்லை. தட்டு வைத்தேன். அவன் பாதி சாப்பிடும்போதே சொன்னேன்: "சாமி, நல்லாச் சாப்பிடு. ஆனா நான் சபையில ஒத்துக்க மாட்டேன்." அவன் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டான். இதுவரை அப்படி நடந்ததே இல்லையே!

சபையில் ஆட்சேபணை உண்டா என்று கேட்டதும் எழுந்து நின்றேன். ஊரே என்னைப் பார்த்தது. "எனக்கு இருக்குதுங்க" என்றேன்.

தம்பி முகம் சிவந்துபோனது. "காத்தால உன்ற ஊட்டுலதானக்கா கை நனச்சேன்?"

"ஆமாஞ் சாமி. ராத்திரிக்கும் வா. சோறு இருக்குது. போருக்கு மட்டும் இல்ல."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வழக்கத்தை மீறிவிட்டாள் என்று கிழவர்கள் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஆனால் நம் பழைய தீர்மானம் நின்றது. நான் வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். அவன் வராமல் போனால் என்ன செய்வது என்று வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே தம்பி.

விளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு வந்தான், அக்கா. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆனால் சோறு போதாமல் மறுபடியும் தட்டை நீட்டினான்.