ஒன்பது ஊசிக்குச் சத்தியம்

என் டொக்குக் கண்ணே,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே விடிந்தால் எழுந்திருக்கிறோம், பொங்கினதைச் சாப்பிடுகிறோம், இருட்டினால் படுக்கிறோம், இதற்குப் பெயர் நலம் என்றால் நாங்கள் நலம்தான். ஜொகூரில் நீயும், நீ பார்த்துக்கொள்கிற அந்த வயசான அம்மாவும் சுகமாக இருக்க அல்லா அருள வேண்டும். டொக்கு என்று எழுதும்போதே கை நின்றுவிட்டது. மரச்செருப்பு மாட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே ஓடுவாய், குதிரைக் குட்டி மாதிரி டொக்கு டொக்கென்று வருகிறாள் பார் என்று உனக்கு அந்தப் பெயரை வைத்தவர் உன் அப்பாதான். இனி அப்படிக் கூப்பிட நான் ஒருத்திதான் இருக்கிறேன். நீ வரவில்லை என்று எனக்குக் கோபம் இல்லை, பாஸ்போர்ட்டை வீட்டுக்காரர் பூட்டி வைத்திருந்தால் நீ என்ன செய்வாய், அதை நினைத்து நினைத்து அழாதே. ஏஜென்ட் போனில் உனக்கு எவ்வளவு சொன்னானோ தெரியாது, அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துப் படி.

வியாழக்கிழமை விடிகாலை உன் அப்பா தொழுதுவிட்டு வந்து வண்டி பூட்டப் போனார். நான் உள்ளே காப்பி கலந்துகொண்டிருந்தேன். ஏதோ சாய்ந்த மாதிரி சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் கெம்பாங்கின் முன்னங்கால் பக்கத்தில் கிடந்தார், கடிவாளம் கையிலேயே இருந்தது. அந்தக் குதிரை ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அசைந்தால் மிதித்துவிடுவோம் என்று அதற்கே தெரிந்ததுபோல் நின்றது. நெஞ்சுதான் என்றார்கள். அன்றைக்கு அசர் தொழுகை முடிந்து அடக்கம் செய்தாயிற்று. தூக்குவதற்கு முன்னால் உன் பெரியப்பா முஹித் எழுந்து நின்று, எல்லா மையத்து வீட்டிலும் சொல்கிற மாதிரி, என் தம்பி யாருக்காவது கடன்பட்டிருந்தால் எங்களிடம் வாருங்கள், நாங்கள் தருகிறோம் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு வழக்கம்போல நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "எவ்வளவுன்னு சொன்னாப் போதும், கணக்குக் கேக்க மாட்டோம்" என்று ஒரு வார்த்தை கூடப் போட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தைதான் பிறகு நம் வாசலில் வந்து உட்கார்ந்தது. முதலில் வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள், டொக்கு. காப்பிக்கடை இனாக் ராசிஹ், பதினோரு காப்பி பாக்கி, எல்லாத்தையும் ஹலாலாக்கிட்டேன், ஒண்ணும் தர வேணாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். புல்லுக்காரர் ஒரு சாக்குப் புல்லின் காசை விட்டுக்கொடுத்தார். நான் உன் அப்பாவின் மையத்தைப் பார்த்து அழுததைவிட அந்தப் பதினோரு காப்பிக்குத்தான் அதிகம் அழுதேன்.

ஒன்பதாம் நாள் விருந்தன்று லாடக்கார அமாக் செரிப் வந்தார். சந்தைக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டிருக்கிறாரே, லாடமும் அடிப்பார், குதிரைகளுக்கு ஊசியும் போடுவார், அவர்தான். வாழைத்தண்டுக் கறியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், துஆவுக்குக் கை ஏந்தினார், கை கழுவினார், அப்புறம் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன் தங்கச்சி, ஆனா செத்தவன் மேல பாக்கியை வச்சிருந்தா எனக்கும் பாவம்" என்று ஆரம்பித்துப் படித்தார். லாடம் பதினாலு தடவை, ஊசி இருபத்துமூன்று, குளம்பு அறுத்துக் கட்டியது பத்து, வீடு தேடி வந்த கூலி தனியாக. எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்து எண்பத்தையாயிரம் ரூபியா. உன் அப்பா நாள் முழுக்க வண்டி ஓட்டினால் ஏழாயிரம் கொண்டு வருவார், அதிலும் புல்லுக்கு எடுத்துவைக்க வேண்டும்.  எனக்கு வாயை மூடிக்கொள்ள முடியவில்லை. அண்ணே, மழைக்காலத்துல கெம்பாங் ரெண்டு மாசம் வெறுங்காலோட கொட்டில்ல நின்னுச்சே, அப்போ லாடத்தை எந்தக் கால்ல அடிச்சீங்க என்று கேட்டேன். "பொம்பளைக்குக் குளம்பைப் பத்தி என்ன தெரியும், நீ போய்க் கீரையை ஆய்ஞ்சுக்கிட்டு இரு" என்றார். குளம்பை அறுத்தப்ப காலைத் தூக்கிப் பிடிச்சிருந்தது இந்தப் பொம்பளைதான், கத்தி வச்சது ஒரே ஒரு தடவை, அதுக்கப்புறம் நாள் தவறாம உப்புத்தண்ணி ஊத்திக் கட்டினது நான், அந்தக் கூலியை நீங்கதான் எனக்குத் தரணும் என்றேன். நம் வீட்டுக்கு எந்நாளும் வராத மனுஷன், குதிரையை நாங்கள்தான் அவர் கொட்டகைக்கு ஓட்டிப்போவோம், இதில் வீடு தேடி வந்த கூலி என்று வேறு கேட்கிறார்.

உன் பெரியப்பா என்னை அடக்கினார். "போதும், நிறுத்து. நான் ஊர் முன்னாடி கணக்குக் கேக்க மாட்டேன்னு சொன்னவன். என் தம்பி கழுத்துல நீயே கல்லைக் கட்டாதே" என்றார். கடன் தீராமல் போனவரின் ரூஹு மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல் தொங்கிக்கொண்டிருக்கும் என்று நாம் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள்தானே. அதைச் சொன்னதும் நான் பயந்து உட்கார்ந்துவிட்டேன். அமாக் செரிப் அந்த நேரம் பார்த்துத்தான் மெதுவாகச் சொன்னார், காசு இல்லாவிட்டால் பரவாயில்லை, கெம்பாங்கைக் கொடுத்துவிடுங்கள், கடனும் கழிந்தது, மேலே கையில் ஐம்பதாயிரமும் தருகிறேன் என்று. எட்டு லட்சம் பெறும் குதிரை, டொக்கு. அப்போதுதான் அவர் எதற்கு வந்தார் என்பது புரிந்தது. ஆனால் புரிந்து என்ன செய்ய. குதிரையை விட்டால் நான் சோற்றுக்கு யார் கையையாவது பார்க்க வேண்டும், நீ இன்னும் எத்தனை வருஷம் அங்கே கிடக்க வேண்டுமோ. விடாவிட்டால் உன் அப்பா தொங்கிக்கொண்டிருப்பார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கெம்பாங்குக்குப் புல் போடும்போது அதன் முகத்தைப் பார்க்காமலே போட்டேன்.

மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல், ஊருக்கு மார்க்கம் சொல்கிற துவான் குரு வீட்டுக்கு நடந்தே போனேன். பெண்கள் பக்கம் உட்கார்ந்து, பாயைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர், பேச முடியாதவன் மேல் கடன் சொல்கிறவன் அதற்குச் சத்தியமும் செய்ய வேண்டும், அவன் திருப்பித் தரவே இல்லை என்றும் சத்தியம் செய்ய வேண்டும், உன் புருஷனின் அண்ணன் ஊர் முன்னால் என்ன சொன்னாலும் அது மாறாது என்றார். நீ கேட்பது உன் புருஷனுக்குத் துரோகம் இல்லை, பொய்க் கடனை அவன் தலையில் ஏற்றுவதுதான் துரோகம் என்றும் சொன்னார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அமாக் செரிப் சத்தியம் செய்ய வேண்டும் என்று துவான் குரு சொல்லியனுப்பினார், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முகப்பில் ஆட்கள் கூடினார்கள். நான் கை கால் கழுவுகிற தொட்டிப் பக்கம் நின்றேன். அமாக் செரிப் புதுத் தொப்பி போட்டு வந்திருந்தார். குர்ஆனை அவர் தலைக்கு மேல் பிடித்தார்கள். மூன்று லட்சத்து எண்பத்தையாயிரம் என்று சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "வந்த கூலியை விட்டுடுவோம், நமக்குள்ள என்ன" என்றார். சரி என்றார்கள். மறுபடியும் ஆரம்பித்தார், மறுபடியும் நின்றார். லாடத்துக்கு அவர் அப்பப்போ குடுத்துட்டாருன்னுதான் ஞாபகம் என்றார். குளம்பு பத்து என்றது ஒன்றாயிற்று. ஊசி இருபத்துமூன்று இருபதாகி, பதினைந்தாகிக் கீழே வந்தது. பின்னால் நின்ற வண்டிக்கார அமாக் ரெனா, "அண்ணே, இப்படியே இறங்கிக்கிட்டே போனா கடைசியில நீங்கதான் செத்தவருக்குக் குடுக்க வேண்டி வரும், பாத்து" என்றார். பள்ளிவாசல் என்றுகூடப் பார்க்காமல் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், டொக்கு. உன் அப்பா போன பிறகு முதல் தடவை. சிரித்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன். உன் பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசி ஒன்பது, குளம்பு ஒன்று, எழுபத்தோராயிரம். அதற்கு மேல் அவர் இறங்கவில்லை. முகமும் மாறிவிட்டது, அதுவரை வியாபாரி முகம், இப்போது வேறு முகம். இதுக்கு நான் எங்க வேணும்னாலும் சத்தியம் பண்ணுவேன் என்று நோட்டைப் பார்த்து ஒன்பது நாளையும் ஒவ்வொன்றாகப் படித்து, குர்ஆனுக்குக் கீழே நின்று சத்தியம் செய்தார். குரல் நடுங்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆனால் அந்த நாட்களைக் கேட்கக் கேட்க எனக்கு ஒவ்வொரு நாளும் நினைவுக்கு வந்தது. ரெனா வீட்டுக் கல்யாணத்துக்கு மறுநாள் என்றார். அன்றைக்குத்தான் உன் அப்பா முதல் தடவை மூச்சு வாங்குகிறது என்று பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தது. ஆற்றில் வெள்ளம் வந்த ஞாயிறு என்றார். அன்றைக்கு உன் அப்பா, வாயுதான், வேறொன்றுமில்லை என்று சொல்லி, அது கலைய என்னை நாணயத்தால் முதுகைச் சுரண்டச் சொன்னார், முதுகெல்லாம் செவசெவ என்று கோடு விழுந்தது. சுகாதார நிலையத்துக்குப் போவோம் என்றதற்கு, காசு இல்லை, அடுத்த வாரம் பார்ப்போம் என்றார். கடைசி ஊசி செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை அவர் இல்லை.

பிறகு நான் அமாக் செரிப்பைத் தனியாகக் கேட்டேன், கெம்பாங்குக்கு என்ன வியாதி என்று அத்தனை ஊசி. அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "வியாதி ஒண்ணும் இல்ல தங்கச்சி, சத்து ஊசிதான். அவர்தான் வந்து வந்து போடச் சொன்னார். எனக்கு முன்ன மாதிரி ஓடியாடி முடியல, இது நல்லா இருந்தா ஓட்டிருவேன், இது படுத்துட்டா என் வீடு படுத்துடும்னார்" என்று சொன்னார். வியாதி இல்லாத குதிரைக்கு ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். கேக்கறவருக்குப் போடாம எப்படி என்றார். அதற்கு மேல் எனக்கு அவரிடம் சண்டை போடத் தெம்பு இல்லை. பொய்க் கணக்கு எழுதினபோது கோபம் வந்தது, அதோடு எழுந்து நிற்க முடிந்தது. இந்த ஒன்பது ஊசி நிஜம். இதற்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது.

நீ போன பெருநாளைக்கு அனுப்பிய தோட்டை விற்றுக் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பாக்கி இல்லை என்று எழுதி அவர் கையெழுத்தும் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன். பெரியப்பா ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார், நான் உள்ளே எடுத்து வைத்தேன். கெம்பாங் நம்மிடமே இருக்கிறது. அமாக் ரெனா பாதிப் பங்குக்கு ஓட்டுகிறார். இப்போது லாடம் வேறு ஆளிடம், நானே கூடப் போகிறேன். காலைத் தூக்குவதற்கு முன்னால் எவ்வளவு என்று கேட்கிறேன், ஊசி என்றால் எதற்கு என்று கேட்கிறேன், அன்றைய காசை அன்றைக்கே கொடுத்துவிடுகிறேன். இந்தப் பொம்பளை வந்துவிட்டாளா என்று முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

உனக்கும் அதையேதான் சொல்கிறேன். சம்பளம் வீட்டுக்காரரிடமே இருக்கட்டும், மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதே. மாதா மாதம் கையில் வாங்கு, பிடித்துக்கொண்டால் எதற்குப் பிடித்தார்கள் என்று கேட்டு எழுதி வை. தலைவலி என்றாலும் அந்த வீட்டில் முதல் நாளே வாய்விட்டுச் சொல். வேலை நின்றுவிடும் என்று அடக்கிக்கொண்டு கிடக்காதே, நீ உன் அப்பாவைப் போலவே அழுத்தக்காரி என்பது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் அவருக்கு ஒரு யாசீன் ஓது. நாற்பதாம் நாளுக்குக் காசு அனுப்ப வேண்டாம், துஆ அனுப்பு. அல்லா உன்னை அங்கே எல்லாக் கண்ணிலிருந்தும் காத்து, முழு உடம்போடு என் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

கொட்டிலைக் கூட்டும்போதெல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமைதான் நினைவுக்கு வருகிறது. கடன் சொல்லவும் அவருக்குக் கூச்சம் இல்லை, ஊசிக்காரரிடம் போகவும் கால் வலிக்கவில்லை, ஒன்பது தடவை போயிருக்கிறார். அதில் ஒன்றுகூடத் தனக்கு வேண்டும் என்று அந்த மனுஷனுக்கு ஏன் தோன்றவில்லை, டொக்கு?

உன் அம்மா,
இனாக் சஹ்னிம்