தமிழ் கொஞ்சம் தெரியும்

அன்புள்ள மகள் சுபாங்கிக்கு,

அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தனோஜன் அண்ணாவும் இங்கே பாரிஸ் பக்கம் பொண்டியில் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் நோவைக் கணக்கில் எடுக்காவிட்டால். உன் சுகத்தைப் போனில் கேட்டால் "சா வா", சுகம்தான் என்கிறாய். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நீ சாப்பிட்டாயா, அழுதாயா, காய்ச்சலில் படுத்திருக்கிறாயா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, அதனால்தான் கடிதம். பிரெஸ்ட்டில் எந்நேரமும் மழையாம், தலை காயாமல் வேலைக்கு ஓடாதே. முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கிக் கிடத்தும்போது முதுகைக் கவனித்துக்கொள், அங்கே மிஞ்சுகிற சூப்பைக் குடித்துவிட்டு இரவுச் சாப்பாடு முடிந்தது என்று எனக்குக் கதை விடாதே.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. மருத்துவப் படிப்புக்கு இரண்டாம் முறை விண்ணப்பிக்கப் போவதில்லை, எல்லாம் வீண் என்றாய். போனமுறை உன் மாஸ்டர் படிப்பில் அவர்கள் ஒரு குறையும் சொல்லவில்லை, நோயாளிகளோடு பழகிய அனுபவம் காணாது என்றுதானே சொன்னார்கள், அதற்காகத்தானே ஆய்வுகூட வேலையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போனாய். படிப்பு முடித்தவர்கள் மருத்துவத்துக்குள் போகிற இந்த வழியில் இரண்டு முறைதான் கேட்கலாம், இதுதான் கடைசி என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. கடையில் கறிவேப்பிலை கேட்ட மனுசிக்குக் கொத்தமல்லியைச் சுற்றிக் கொடுத்துவிட்டேன். லா சப்பல் கடைத்தெருவில் ஒருவருக்கும் நான் வாய் திறக்கவில்லை, கண்ணூறு பட்டுவிடும் என்று பயம். நீ அனுப்பாமல் விட்டாலும் பயம், அனுப்பி அவர்கள் மறுத்தால் நீ அங்கே தனியே இருந்து என்ன செய்வாய் என்று அதற்கும் பயம்.

நீ பாதியில் விட்ட விண்ணப்பத்தை அண்ணா எனக்கு வாசித்துத் தமிழில் சொன்னான். அவனைக் கோபிக்காதே, நான்தான் கரைச்சல் கொடுத்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது மகள், ஆனால் அதில் உன்னைக் காணவில்லை, எவரும் எழுதக்கூடிய வசனங்கள். எங்கள் கடைப் பத்திநாதர் அண்ணையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அண்ணா கேட்டதற்கு "அது ஒண்டுமில்லை, வீட்டு விசயம்" என்று சொன்னாயாம். நடந்தது உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கடைக்குள் நின்ற நான் பார்த்தபடி எழுதுகிறேன்.

அன்று கல்லாவில் நின்ற பத்திநாதர் அண்ணைக்குக் காலையில் இருந்தே நெஞ்சு நோ. தனியே டொக்டரிடம் போய், நெஞ்சு நோவைச் சொல்லுக்குச் சொல் மாற்றி "மல் ஓ கேர்" என்று சொல்லியிருக்கிறார். பிரெஞ்சுக்காரருக்கு அது ஓங்காளம், சத்தி, வாந்தி வருவது போல இருக்கிறது என்றுதான் அர்த்தம். அவர் வயிற்றைத் தடவியபடியே சொன்னாராம், டொக்டர் பாவம், வேறு என்ன நினைப்பார். ஓங்காளத்துக்குக் குளிசை வாங்கிக்கொண்டு கடைக்குத் திரும்பியவர், சாப்பிட முதலோ பிறகோ எடுப்பது என்று உன்னிடம் கேட்கச் சொன்னார். நான் போன் போட்டேன். நீ எனக்குப் பதில் சொல்லாமல், மாமாவிடம் குடுங்கோ என்றாய். "மாமா, உங்களுக்கு ஓங்காளமோ, நெஞ்சு நோவோ?" என்று கேட்டாய். அவர், "ஓங்காளம் ஒண்டும் இல்லைப் பிள்ளை, நெஞ்சுதான் இறுக்கிப் பிடிக்குது, இடக்கையும் விறைக்குது" என்றார். உடனே அம்புலன்சுக்கு, பதினைந்துக்கு அடியுங்கோ என்று நீ போட்ட சத்தம் அரிசி மூட்டை வரைக்கும் கேட்டது. அம்புலன்ஸ் பறந்து வந்தது, அவர் மனைவி புஸ்பராணி அக்கா செபமாலையோடு ஓடி வந்தார்.

இப்போது அவர் நல்ல சுகம். தெருவில் எல்லோரும் அவரை "மல் ஓ கேர் அண்ணை" என்று பகிடி பண்ணுகிறார்கள். இதை நீ விண்ணப்பத்தில் எழுதலாமா என்று கேட்டேன், "தாராளமா எழுதட்டும், பேரை மட்டும் போட வேண்டாம், பிறகு பிரெஸ்ட்டிலையும் சிரிப்பாங்கள்" என்றார். அந்தப் படித்த ஆட்கள் இதை மதிப்பார்களோ, சின்ன விசயம் என்று தள்ளிவிடுவார்களோ, எனக்கு உண்மையாகவே தெரியாது. நான் பிழையான புத்தி சொல்லி உன் கடைசி வாய்ப்பைக் கெடுத்துவிடுவேனோ என்றும் யோசிக்கிறேன். ஆனால் நோயாளியோடு பழகுவது என்றால் நீ அன்று செய்ததுதான், அதற்குமேல் எனக்கு விளங்காது.

இன்னொன்று, இதுதான் என்னை அதிகம் வருத்தியது. தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் பிரெஞ்சு, இங்கிலிஷ், ஸ்பானிஷ் எல்லாம் போட்டுவிட்டு, கடைசியில் தமிழுக்குப் பக்கத்தில் "நொசியோன்" என்று போட்டிருக்கிறாயாம். கொஞ்சம் தெரியும் என்று அர்த்தம் என்றான் அண்ணா. நீ எங்களுக்குப் பிரெஞ்சில் பதில் சொல்கிறாய்தான், எழுத்துக்கூட்டி வாசிக்கிறாய்தான், அதற்காகக் கொஞ்சமா?

அப்பா உனக்கு அன்பு சொல்லச் சொன்னார். பிள்ளையார் உனக்கு வழி விட வேண்டும், நீ தீர்க்காயுசாக நல்லாயிருக்க வேண்டும். மாத முடிவுதான் கடைசித் தேதி, மறந்துவிடாதே. அந்த "நொசியோனை" வெட்டிவிட்டு அனுப்பு மகள். கொஞ்சம் தெரிந்த பிள்ளையால் இந்தக் கடிதத்தை இவ்வளவு தூரம் வாசித்து வந்திருக்க முடியாது.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா புனிதவதி